பொழுதோடு உண்ணும் மரபு: சமண இல்லறத்தாரின் உணவொழுக்கமும் வயிற்று நலமும்

வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செய்யாறு ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் சமணர் வீட்டு அடுப்பு அந்திக்கு முன்னரே அணைந்துவிடும் என்பது அண்டை வீட்டாரும் அறிந்த செய்தியாக இருந்தது. வயலினின்று திரும்பியோர் கைகால் கழுவி, மேற்கு வானம் சிவக்குமுன் உண்டு முடிப்பர். அதன்பின் மறுநாட் கதிரவன் எழும்வரை அடுக்களைக்கு வேலை இல்லை. இதனைப் பொழுதோடு உண்ணுதல் என்றனர்.

இன்று அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றுகின்றனர். வீடு திரும்பவே இரவு 9 மணி ஆகிறது. “ஏன் பொழுதோடு உண்ண வேண்டும்?” என்று அவர்கள் கேட்கும்போது, “சீரணத்திற்கு நல்லது, அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது” என்று பெரியோர் விடை கூறுகின்றனர். அவ்விடையில் உண்மை உண்டு. ஆயினும் அது முழுமையான விடையன்று. வயிற்று நலம் கருதியே இவ்வொழுக்கம் வகுக்கப்பட்டது என்று எண்ணினால், அதன் வேர் எங்குள்ளது என்பது மறந்துபோகும். வேர் எது, அதனால் விளைந்த கனி எது என்று பிரித்தறிய வரலாற்றைச் சற்றே பின்னோக்கிக் காணல் வேண்டும்.

தீராப் பசியும் ஆசாரியரும்

உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் ஆற்றலை நம் முன்னோர் தீ என்றே வழங்கினர். அத்தீ குன்றினால் மந்தம். அளவின்றி மூண்டால் எவ்வளவு உண்டும் தீராத பசி. இத்தீராப் பசியை வடமொழி மருத்துவம் பஸ்மக நோய் என்றது. மணிமேகலையில் காயசண்டிகை என்பாள் 12 ஆண்டுகள் உழன்ற யானைத்தீ என்னும் நோயும் இத்தகையதே.

சமண மரபில் இந்நோயோடு இணைத்துப் பேசப்படும் பெருமகனார் சமந்தபத்திர ஆசாரியர். காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் அவர் பஸ்மக நோயை வென்றவர் என்பதனைச் சிரவணபெளகொளாவில் 1129ஆம் ஆண்டைச் சேர்ந்த மல்லிசேண பிரசஸ்தி என்னும் கல்வெட்டு குறிக்கின்றது. மரபுக் கதை அதனை விரித்துரைக்கும். துறவியர் உண்ணும் சிற்றளவு உணவு நோயின் தீக்கு ஈடாகாது என்று கண்ட அவர், சல்லேகனை மேற்கொள்ளத் தம் குருவிடம் இசைவு வேண்டினார். குருவோ இசையவில்லை. “நின்னால் அறத்திற்கு ஆகவேண்டிய பணி மிகுதியாக உள்ளது, முதலில் நோயைத் தீர்த்துக்கொள், பின்னர் மீண்டும் துறவு கொள்” என்று பணித்தார். அவ்வண்ணமே துறவுக் கோலத்தைக் களைந்து, நிறைய உண்டு, நோய் தணிந்தபின் அவர் மீண்டும் துறவு பூண்டார் என்பது அக்கதை.

நோன்பைத் தலையாயதாகக் கொண்ட ஒரு சமயம், தன் பேராசிரியர் ஒருவரைப் பற்றிய கதையிலேயே, நோயுற்றபோது நோன்பினும் மருந்தே முன்னுரிமை பெறும் என்று சொல்லி வைத்திருக்கின்றது. இதனை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் ஓரிடத்தில் இக்கதை நமக்கு வேண்டியதாகும்.

இராவுணவு விலக்கு

சமந்தபத்திரர் இல்லறத்தார்க்கென வடமொழியில் இயற்றிய நூல் இரத்தினகரண்டகம். அதனைத் தழுவித் தமிழில் குறட்பாக்களால் அமைந்தது அருங்கலச்செப்பு. இல்லறத்தார் படிப்படியாக ஏறிச் செல்லும் 11 நிலைகளை இரத்தினகரண்டகம் வகுக்கின்றது. அவற்றுள் 6ஆவது, இரவில் உண்ணாமை. சோறு முதலியன, பருகுவன, தின்பன, நக்குவன என்னும் நால்வகை உணவையும் இரவில் விலக்குபவரே அந்நிலையில் நிற்பவர். அவ்வாறு விலக்குதற்கு அந்நூல் காட்டும் காரணம் உயிர்களின்பால் கொண்ட அருள்.

10ஆம் நூற்றாண்டினரான அமிர்தசந்திரர் இக்காரணத்தைத் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மேலும் விளக்கினார். இருளில் உண்பவர் உணவில் விழும் சிற்றுயிர்களைக் காணார். விளக்கேற்றி உண்டாலோ, அவ்வொளியை நாடி வரும் பூச்சிகள் உணவில் விழுந்து மாயும். மேலும், பகலில் உண்பதனினும் இரவில் உண்பதில் வேட்கை மிகும் என்பதும் அவர் கருத்து. இவ்வாதத்தில் வயிற்றைப் பற்றிய பேச்சே இல்லை. கொல்லாமையும் பற்றின்மையுமே அதன் இரு தூண்கள்.

ஆயினும் அருளின்பொருட்டு அடைத்த வாய், வயிற்றுக்கும் ஓய்வு தந்தது. மனித உடல் பகலுக்கும் இரவுக்கும் ஏற்பத் தன் தொழில்களை மாற்றிக்கொள்கிறது. அவ்வுள் கடிகாரம் இயங்கும் முறையை ஆராய்ந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவர்க்கும் 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரே உணவைக் காலையில் உண்டால் இரைப்பை விரைந்து காலியாகிறது. மாலையில் உண்டால் தாமதமாகிறது. குருதியில் சேரும் சர்க்கரையைக் கையாளும் திறனும் இரவில் குறைகிறது. நிறைந்த வயிற்றோடு படுப்பவர்க்கு இரைப்பையின் புளிப்புநீர் உணவுக்குழாயில் ஏறி நெஞ்செரிச்சல் தோன்றுகிறது. ஆகவேதான் உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரமேனும் இருத்தல் வேண்டும் என்று மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். மாலை 6 மணிக்கு உண்டு 10 மணிக்கு உறங்கும் குடும்பத்தார்க்கு அவ்வறிவுரை தேவைப்பட்டதே இல்லை.

இருமடித் துணி

உணவொழுக்கத்தின் மற்றொரு கூறு நீரை வடித்துப் பருகுதல். கிணற்றில் மொண்ட நீரை அடர்ந்த நெசவுடைய வெண்துணியை இருமடியாக மடித்து வடிப்பர். அதோடு செயல் முடிவதில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை வடித்த நீரால் மெல்ல அலசி, எந்தக் கிணற்றில் எடுத்தனரோ அந்தக் கிணற்றிலேயே சேர்ப்பர். வடித்த நீரும் இரண்டு நாழிகை, அஃதாவது 48 நிமிடம் வரையே தூயது. அதன்பின் மீண்டும் வடித்தல் வேண்டும். நோன்புடையோர் நீரைக் காய்ச்சியே பருகுவர். இங்கும் காக்கப்படுவது முதற்கண் நீரிலுள்ள உயிர். பருகுபவரின் உயிர் அடுத்ததே.

வாந்திபேதி என்று மக்கள் அஞ்சிய காலரா, அசுத்த நீரால் பரவுவது என்பதை இலண்டனில் ஜான் ஸ்நோ 1854இல் காட்டினார். அதற்குக் காரணமான நுண்ணுயிரை ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் கண்டறிந்தார். அதற்கு நூறாண்டிற்குப் பின்னர் ரீட்டா கால்வெல் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ஓர் எளிய முயற்சியை மேற்கொண்டனர். பழம் புடவைத் துணியைப் பலமடியாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டிக் குளத்துநீரை வடிக்குமாறு சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பித்தனர். காலராக் கிருமிகள் நீரில் வாழும் மிதவை உயிரிகளைப் பற்றிக்கொண்டிருப்பதால், அவ்வுயிரிகள் துணியில் தங்கும்போது கிருமிகளுள் பெரும்பகுதியும் தங்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம். 2003இல் வெளியான முடிவின்படி, வடித்த ஊர்களில் காலரா ஏறக்குறைய பாதியாக, 48 விழுக்காடு, குறைந்தது. துவைத்துத் துவைத்து நைந்த பழந்துணியே புதுத்துணியினும் நன்கு வடித்தது; பழகிய நூல் விரிந்து இடைவெளியைச் சிறிதாக்குவதே அதன் காரணம்.

எந்த மிதவை உயிரியைக் கொல்லலாகாது என்று சமண மகளிர் துணியில் தேக்கிக் கிணற்றில் விட்டனரோ, அதே உயிரியைத்தான் ஆய்வாளரும் துணியில் தேக்கினர். நோக்கம் வேறு, துணி ஒன்றே. எனினும் தனித்து மிதக்கும் நுண்கிருமிகள் துணியின் வழியே சென்றுவிடும். எனவே வடித்தலோடு காய்ச்சுதலும் சேரும்போதே பாதுகாப்பு நிறைவு பெறுகிறது. மூத்தோர் இரண்டையும் சேர்த்தே கடைப்பிடித்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

32 கவளம்

தத்துவார்த்த சூத்திரம் கூறும் புறத்தவங்கள் ஆறனுள் முதல் நான்கும் உணவைச் சார்ந்தவை: உண்ணாமை, குறைவாக உண்ணல், உணவு ஏற்பதில் வரையறை, சுவை துறத்தல். இவற்றுள் இரண்டாவதாகிய குறைவாக உண்ணலை அவமோதரியம் என்பர். ஆடவர்க்கு 32 கவளமும் மகளிர்க்கு 28 கவளமும் நிறைவான உணவு என்று பழைய ஆசார நூல்கள் அளவு கூறும். அதில் ஒரு கவளம் குறைப்பினும் அது தவமே. பட்டினி கிடக்க இயலாதவரும், முதியவரும், உழைப்பாளியும் நாள்தோறும் இயற்றக்கூடிய தவம் இஃதொன்றே எனலாம். இலையில் உணவு இருக்க, பசியும் சிறிது இருக்க, கையை எடுத்துக்கொள்வது எளிதன்று என்பதை விருந்தில் அமர்ந்தோர் அறிவர்.

தமிழ்ச் சமணர் எலாசாரியராகிய குந்தகுந்தரின் படைப்பெனப் போற்றும் திருக்குறளில் மருந்து என்னும் 95ஆவது அதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பற்றியதே. முன் உண்டது செரித்ததை அறிந்து பின் உண்ணல், அளவறிந்து உண்ணல், நன்கு பசித்தபின் உண்ணல், உடற்கு மாறுபடாதவற்றை உண்ணல், செரிக்கும் தீயின் அளவைக் கடவாமை ஆகியவை அவ்வதிகாரத்தின் கருத்துகள். மருந்தைப் பற்றிப் பேசவந்த நூல், மருந்து வேண்டாத நிலையையே முதலில் பேசுகிறது.

செரித்தபின் உண்க என்னும் நெறியின் பொருத்தத்தை உடலியலும் இன்று காட்டுகிறது. உணவு இல்லாத வேளைகளில் இரைப்பையிலிருந்து சிறுகுடலின் இறுதிவரை அலைபோல ஓர் இயக்கம் எழுகிறது. ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடத்திற்கு ஒருமுறை தோன்றும் அவ்வியக்கம், எஞ்சிய துணுக்குகளையும் கிருமிகளையும் துடைப்பத்தால் பெருக்குவதுபோல் கீழே தள்ளுகிறது. இடையில் ஏதேனும் தின்றால் அவ்வியக்கம் நின்றுவிடும். ஓயாமல் கொறிப்பவரின் குடல் பெருக்கப்படாத வீடு போன்றது. வேளைக்கு உண்டு, இடையில் வாயை மூடி, இரவு முழுதும் வயிற்றை வெறுமையாக வைத்தவர்க்கு அது நாள்தோறும் பெருக்கப்பட்டது.

நோன்பும் அதன் எல்லையும்

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரு பாறையில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்று உயிர் நீத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. உண்ணாநோன்பைக் குறிக்கும் அனசனம் என்னும் சொல் தமிழ்க் கல்லில் இடம்பெற்ற பழமையான சான்றுகளுள் ஒன்று இது. அது துறவி ஒருவர் வாழ்வின் முடிவில் மேற்கொண்ட பெருந்தவம். இல்லறத்தார் அட்டமியிலும் சதுர்த்தசியிலும் தசலட்சண நாட்களிலும் ஏற்கும் ஒருவேளை உணவும் ஒருநாள் உபவாசமும் வேறு வகையின. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பிழை.

திங்களில் சில நாள் வயிற்றுக்கு ஓய்வு தருவது உடல் நலமுடையோர்க்குத் தீங்கு செய்வதில்லை. நோன்பை முடிக்கும் பாரணையில் முதலில் வெந்நீரும் கஞ்சியும் போன்ற எளிய உணவை அளித்த பழக்கமும் வயிற்றை அறிந்தோர் செய்ததே. பாரணை அன்றே எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் மிக உண்பவர், நோன்பின் பயனை ஒரே பகலில் இழப்பர்.

இங்கேதான் சமந்தபத்திரரின் கதையை மீண்டும் நினைத்தல் வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருந்தால் குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். கருவுற்ற மகளிர், பாலூட்டும் தாயர், குடற்புண் உடையோர், சிறுநீரக நோயுடையோர் ஆகியோரும் அவ்வாறே கவனமாக இருத்தல் வேண்டும். எடை காரணமின்றிக் குறைதல், மலத்தில் குருதி, விழுங்குவதில் தடை ஆகியவை தோன்றினால் கைமருந்தையும் நோன்பையும் நம்பிக் காலம் கடத்தலாகாது. “எல்லாரும் இருக்கும்போது நான் மட்டும் உண்பதா?” என்று வீட்டு மூதாட்டியர் தயங்குவதுண்டு. ஆசாரியர்க்கே அவர்தம் குரு நோன்பை மறுத்தார் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது பிள்ளைகளின் கடமை. மருந்து கொடுத்தலும் நால்வகைத் தானங்களுள் ஒன்றன்றோ!

மருந்தின் பெயரால் நூல்கள்

பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்தின் பெயரைத் தாங்கியவை. அவற்றுள் சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் சமணர். மாக்காயனாரிடம் பயின்ற ஒருசாலை மாணாக்கர். சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களால் ஆன மருந்து. ஏலாதியோ ஏலம் 1, இலவங்கம் 2, சிறுநாவற்பூ 3, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6 என்னும் பங்கில் சேர்க்கப்படும் சூரணம் என்பது உரைமரபு. திரிகடுகத்தை இயற்றிய நல்லாதனார் திருமாலை வாழ்த்துபவர். அதன் பெயரும் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் செரிமான மருந்தையே சுட்டும். உள்ளத்தின் மந்தத்தை நீக்கும் அறத்திற்கு, வயிற்றின் மந்தத்தை நீக்கும் மருந்தைப் பெயராக இட்டனர். பெயரைக் கேட்ட அளவிலே பொருள் விளங்குமளவிற்கு அம்மருந்துகள் இல்லந்தோறும் இருந்தன என்பது இதனால் தெளிவாகும்.

இங்கு நுட்பம் ஒன்றுண்டு. பச்சை இஞ்சியை இரத்தினகரண்டகம் விலக்குகிறது. ஈரமுள்ள அவ்வேரில் எண்ணிறந்த உயிர்கள் உறைவதே காரணம். காய்ந்து சுக்கானபின் அது மருந்துப்பெட்டியில் இடம் பெற்றது. ஆக, நோன்பு வழுவாமலே மருந்தின் பயனையும் பெற வழி கண்டனர். 9ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் வடமொழியில் இயற்றிய கல்யாணகாரகம் இவ்வழியின் பெருநூலாகும். ஊன், கள், தேன் ஆகியவற்றைச் சேர்க்காமலே மருந்து செய்யலாம் என்பதனை நிறுவியது அந்நூல். இரட்டகூட மன்னன் அமோகவர்ஷனின் அவையில் ஊனுணவை மறுத்து அவர் ஆற்றிய உரையும் அதனோடு இணைக்கப்பட்டுள்ளது.

வேறுபடும் இடம்

அறமும் மருத்துவமும் எல்லா இடத்தும் ஒன்றுபடும் என்று கூறுதல் நேர்மையாகாது. குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களைப் பற்றி இன்று மிகுதியாகப் பேசப்படுகிறது. அவற்றிற்கு உணவாவன என்று வெங்காயமும் பூண்டும் பாராட்டப்படுகின்றன. இரவெல்லாம் நீரில் ஊறிய பழஞ்சோறும் போற்றப்படுகின்றது. சமண ஆசாரமோ இரவு கடந்த சோற்றை விலக்குகிறது. பூண்டு முதலிய மண்ணுள் விளைவனவற்றையும் விலக்குகிறது. உயிர்க்கொலை மிகும் என்பதே அதற்குரிய காரணம். அதனை மறைத்து, “அவை உடலுக்குக் கேடு” என்று பொய்க்காரணம் கற்பிக்க வேண்டுவதில்லை.

நோன்பைக் காப்பவர்க்கு இழப்பும் இல்லை. குடல் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நார்ப்பொருள் துவரை, பயறு, காராமணி, கொள்ளு ஆகியவற்றில் நிரம்ப உண்டு. வாழைக்காயிலுள்ள எளிதில் செரியா மாப்பொருளும், வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, கொத்தவரை ஆகியவற்றின் நாரும் அப்பணியைச் செய்யும். அன்றன்று உறைந்த தயிரும் அதனைக் கடைந்த மோரும் நன்மை தரும் நுண்ணுயிர்களை அளிக்கும். கேழ்வரகும் கம்பும் சாமையும் நம் ஊர்களின் பழைய தானியங்களே. ஒன்றை விலக்கினால், விலக்கிய இடத்தை எதனால் நிரப்புவது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கிழங்கை விலக்கி, அவ்விடத்தை மைதாவாலும் சர்க்கரையாலும் நிரப்புவது ஆசாரமும் ஆகாது, ஆரோக்கியமும் ஆகாது.

இனி வரும் தலைமுறைக்கு

வாழ்வு மாறிவிட்டது, பொழுதோடு வீடு திரும்புதல் பலர்க்கு இயலாது. இயன்ற அளவு கடைப்பிடித்தலை நம் நூல்கள் இழிவாகக் கருதவில்லை. படிப்படியான 11 நிலைகள் வகுக்கப்பட்டதே அதற்காகத்தான். மாலை 5 மணிக்குப் பணியிடத்திலேயே உண்ணுமாறு காலையில் கட்டிச் சென்ற உணவு ஒருவர்க்குக் கைகொடுக்கலாம். மற்றொருவர் வாரத்தில் விடுமுறை நாட்களில் மட்டுமேனும் குடும்பத்தோடு பொழுதோடு உண்ணலாம். அதுவும் இயலாதார் அட்டமி, சதுர்த்தசி நாட்களில் தொடங்கலாம். ஒரு கவளம் குறைத்தல் எந்த ஊரிலும் எந்த வேளையிலும் எவர்க்கும் இயலும்.

பிள்ளைகள் காரணம் கேட்கும்போது கூறவேண்டிய விடையும் இதுவே: “நாம் பொழுதோடு உண்பது பிற உயிர் வருந்தாமைக்காக; அதனால் நம் வயிறும் நலம் பெறுகிறது.” இவ்வரிசையை மாற்றிவிடலாகாது. மருத்துவக் கருத்துகள் ஆராய்ச்சிக்கேற்ப மாறும். நாளை வேறொரு வேளையே சிறந்தது என்று ஓர் ஆய்வு கூறினும் கூறலாம். நலத்தை மட்டும் நம்பிப் பொழுதோடு உண்டவர் அன்றே அதனைக் கைவிடுவர். அருளின்பொருட்டு உண்டவரின் வீட்டில் அடுப்பு அன்றும் அந்திக்கு முன்னரே அணையும்.